கையில் இரண்டு, மேசையில் ஒன்று: போக்கரில் செட் விழுந்தால் பந்தயம் கட்டும் முறை

மலையகத்தில் சீட்டாடத் தெரிந்தவர்களில் பலர் முதலில் பழகியது 304. முப்பத்திரண்டு சீட்டு, ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2 என்று ஓர் இனத்துக்கு 76 புள்ளி. கேட்டு வென்றவர் துரும்பைக் கவிழ்த்து வைப்பார். அது என்னவென்று மற்றவர்கள் தடுமாறும் வரை பலம் அவர் பக்கம். இந்தப் பழக்கம் ஊறியவர்கள், ஆளுக்கு இரண்டு சீட்டும் மேசையில் பொதுவாக ஐந்து சீட்டும் வைத்து ஆடும் டெக்சாஸ் ஹோல்டெம் என்ற போக்கர் ஆட வரும்போது, பெரிய கை கிடைத்தவுடன் அதையும் கவிழ்த்து வைக்கப் பார்க்கிறார்கள். ஃப்ளொப்பில் (மேசையில் விழும் முதல் மூன்று சீட்டு) செக், அதாவது பந்தயம் கட்டாமல் விடுவது. டேர்னில் (நான்காவது சீட்டு) செக், ரிவரில் (ஐந்தாவது, கடைசிச் சீட்டு) திடீரென்று ஒரு பெரிய பந்தயம். எல்லோரும் ஃபோல்ட், சீட்டைப் போட்டு விலகிவிடுவார்கள். கைக்கு வருவது தொடக்கத்தில் கிடந்த சின்னப் பொட் (நடுவில் சேரும் பந்தயத் தொகை) மட்டும்.

304இல் ஒரு கையில் எடுக்கக்கூடிய மொத்தம் சீட்டு போடும் முன்பே முடிவாகிவிட்டது. பந்தயத்துக்கு உச்ச வரம்பு இல்லாத நோ-லிமிட் போக்கரில் அந்த மொத்தத்தைச் சுற்றுக்குச் சுற்று நீங்களே கட்டி எழுப்ப வேண்டும். எழுப்பாமல் விட்ட பொட்டை யாரும் பிறகு நிரப்பித் தரமாட்டார்கள். அதோடு, மறைவான கை தானாகவே மறைந்திருக்கிறது. நடுவில் ராணி, 7, 4 கிடக்கும்போது உங்களிடம் இரண்டு 4 இருப்பது யார் கண்ணுக்கும் படாது. நீங்கள் பந்தயம் கட்டினால், ராணி இருக்கிறது என்றோ ஃப்ளஷுக்கு (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) காத்திருக்கிறீர்கள் என்றோதான் நினைப்பார்கள். ஒளிந்திருப்பதை இன்னொரு முறை ஒளிக்கத் தேவையில்லை.

கீழே வரும் கணக்கெல்லாம் பிளைண்ட் (சீட்டு பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாகப் போடும் தொகை) 5, 10; ஆளுக்கு 1,000 புள்ளி சிப் என்ற வீட்டு மேசைக்கு. புள்ளிக்கு ஆடுவதைத்தான் சொல்கிறோம். காசு வைத்து ஆடுவதைக் கட்டுப்படுத்த இலங்கையில் சட்டம் இருக்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்க, வீட்டுச் செலவுக்கான சல்லி மேசைக்கு வரவே கூடாது என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

செட் எது, எது இல்லை

கையில் சோடி, மேசையில் அதே எண்ணில் ஒன்று: இது செட். கையில் ஒன்று, மேசையில் சோடி: இது ட்ரிப்ஸ். இரண்டும் 'ஒரே எண்ணில் மூன்று' என்ற ஒரே தரம்தான். ஆனால் பந்தயம் கட்டும் விதம் வேறு. மேசையில் 9-9 கிடந்தால், யாரிடம் 9 என்று எல்லோரும் பயப்படுவார்கள். செட்டில் அந்தப் பயம் எழ இடமே இல்லை. அதனால்தான் செட்டுக்குக் கிடைக்கும் கோல் (கட்டிய தொகைக்குச் சமமாகப் போட்டுத் தொடர்வது) ட்ரிப்ஸுக்குக் கிடைப்பதில்லை.

சோடி கையில் வருவது 17 கைகளுக்கு ஒரு முறை. வந்த சோடி ஃப்ளொப்பில் செட்டாகவோ அதைவிடப் பெரிதாகவோ மாறும் வாய்ப்பு 11.8 வீதம், அதாவது எட்டரை முறைக்கு ஒன்று. விழுந்த செட், ரிவருக்குள் ஃபுல் ஹவுஸாகவோ (ஒரே எண்ணில் மூன்றும் இன்னொரு சோடியும்) ஒரே எண்ணில் நான்காகவோ வளர 33 வீத வாய்ப்பு உண்டு. டேர்னில் உதவும் சீட்டு 7. கண்ணில் படாத 47இல் 7 என்பது 14.9 வீதம். அதில் கிடைக்காவிட்டால் ரிவரில் உதவும் சீட்டு 10 ஆகிறது. 46இல் 10 என்பது 21.7 வீதம். இந்த 7, 10 இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஃப்ளஷ் சீட்டு விழுந்து தடுமாறும் நேரத்தில் இவைதான் கைகொடுக்கும்.

ஃப்ளொப்புக்கு முன் கொடுக்கும் விலை

சின்னச் சோடியை வைத்துக்கொண்டு செட்டுக்காகக் கோல் செய்வதென்றால், கோல் செய்யும் தொகையைப் போல் குறைந்தது 15 மடங்கு, முடிந்தால் 20 மடங்கு மீதம் இருக்க வேண்டும். உங்களிடம் மட்டும் இருந்தால் போதாது. இரண்டு பேரில் யாரிடம் குறைவாக இருக்கிறதோ அந்தத் தொகைதான் கணக்கு. உங்களிடம் 1,000 இருந்து ரெய்ஸ் செய்தவரிடம், அதாவது தொகையை மேலே ஏற்றியவரிடம், 300தான் மிச்சம் என்றால், நீங்கள் வெல்லக்கூடியது 300.

15 மடங்கு ஏன்? 30 புள்ளிக்குக் கோல் செய்கிறீர்கள் என்று வையுங்கள். எட்டரை முறையில் ஏழரை முறை செட் விழாது. அதற்கு 225 போகும். விழுந்த ஒரு முறை எதிராளியின் 300 முழுவதும் வந்தால்கூட கொஞ்சம்தான் மிஞ்சும். ஆனால் முழுவதும் எப்போதும் வராது. அவரிடம் ஒன்றும் இல்லாமல் ஃப்ளொப்பிலேயே விட்டுவிடுவார். சில முறை செட்டே தோற்கும். அதனால் பத்து மடங்கு நட்டக் கணக்கு. 30க்கு ரெய்ஸ், இருவரிடமும் 970 மிச்சம் என்றால் தாராளமாகப் போகலாம். அந்த 30ஐ வேறொருவர் 100 ஆக்கினால், இன்னும் 70 போட்டு 2-2ஐத் தூக்கிக்கொண்டு போவது 14 மடங்குக்கும் கீழே விழுகிறது. விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. சோடி வந்தால் 20, ஏஸ்-ராஜா வந்தால் 40 என்று ரெய்ஸ் தொகையை மாற்றாதீர்கள். ஒரே கூட்டம் வாராவாரம் கூடும் மேசையில் இதை இரண்டு இரவுக்குள் கண்டுபிடித்துவிடுவார்கள். பிறகு செட் விழுந்தாலும் மறைவு இராது.

பொட் பெருகும் கணக்கு

இந்தப் பகுதியை மற்ற எதையும்விடக் கவனமாகப் படியுங்கள்.

பொட் 100, இருவரிடமும் 400 மிச்சம். மூன்று சுற்றிலும் பொட்டின் பாதிக்குச் சற்று மேல் கட்டினால் என்ன ஆகிறது என்று பாருங்கள். ஃப்ளொப்பில் 54, கோல் வந்தால் பொட் 208. டேர்னில் 112, பொட் 432. ரிவரில் 233. கூட்டினால் 399. கிட்டத்தட்ட முழுக் கையிருப்பும் உள்ளே போய்விட்டது. எந்தச் சுற்றிலும் யாரையும் மிரட்டும் அளவுக்கு ஒரு தொகை வரவில்லை.

இதே கையில் ஃப்ளொப்பை செக் செய்து விடுங்கள். 400ஐ இரண்டு சுற்றில் உள்ளே கொண்டுவர, டேர்னில் பொட் அளவு 100, ரிவரில் பொட் அளவு 300 கட்ட வேண்டும். இரண்டு சுற்றையும் விட்டால், ரிவரில் 100 கிடக்கும் பொட்டில் 400 தள்ள வேண்டும். ராணிச் சோடி வைத்திருப்பவர் 54, 112, 233 என்று படிப்படியாகக் கொடுப்பார். ஒரேயடியாக 400 கேட்டால் கொடுக்கமாட்டார். கொழுந்து எடுக்கும் சுற்று தவறினால் இலை முற்றிப்போவது போல, ஃப்ளொப்பில் எடுக்காததை ரிவரில் சேர்த்து எடுக்க முடியாது.

நம் மேசைக் கணக்குக்கு வருவோம். ஒருவர் 30க்கு ரெய்ஸ், பிக் பிளைண்டில் (10 போட்ட இடத்தில்) நீங்கள் மட்டும் கோல். பொட் 65, மிச்சம் 970. இதை மூன்று சுற்றில் முழுவதும் உள்ளே கொண்டுவர ஒவ்வொரு முறையும் பொட் அளவைக் காட்டிலும் சற்றுக் கூடுதலாகக் கட்ட வேண்டும். ஒரு சுற்றைக்கூட வீணாக்க வசதியில்லை என்பது இதில் தெரிகிறது. மூன்று பேர் 30 போட்டு வந்தால் பொட் 95. அப்போது சுற்றுக்குப் பொட்டின் பத்தில் ஒன்பது பங்கு. ஃப்ளொப்புக்கு முன் ரீ-ரெய்ஸ் நடந்து பொட் 205, மிச்சம் 900 என்று இருந்தால் பாதியைச் சற்றுத் தாண்டினாலே போதும். அங்கே ஃப்ளொப்பில் ஒரு செக் பெரிய நட்டம் இல்லை, மிச்சமிருக்கும் இரண்டு சுற்றிலேயே எல்லாம் உள்ளே போய்விடும்.

ஃப்ளொப் விழுந்தவுடன் மனதுக்குள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: பொட் எவ்வளவு, மிச்சம் எவ்வளவு, எத்தனை பந்தயத்தில் அதை உள்ளே கொண்டுவரலாம்? மிச்சம் பொட்டைப் போல் 4 மடங்கு என்றால் மூன்று அரைப் பொட். 13 மடங்கு என்றால் மூன்று முழுப் பொட். இடையில் இருந்தால் முக்கால் பொட் என்று ஆரம்பியுங்கள். இதற்கு மேல் நுணுக்கம் வீட்டு மேசைக்குத் தேவைப்படாது.

ஒரு கை, முழுவதுமாக

இடையில் இருப்பவர் 30க்கு ரெய்ஸ். அவருக்குப் பின்னால் ஒருவர் கோல். பிக் பிளைண்டில் உங்களிடம் ஆர்ட்டின் 4, கிளாவர் 4. இன்னும் 20 போட்டு வருகிறீர்கள். பொட் 95.

ஃப்ளொப்: இஸ்பேட் ராணி, இஸ்பேட் 7, டைமண்ட் 4.

நீங்கள் செக். ரெய்ஸ் செய்தவர் 60 கட்டுகிறார், அடுத்தவர் கோல். பொட் 215. இப்போது கோல் மட்டும் போட்டுப் பதுங்கக் கூடாது. 260க்கு ரெய்ஸ் செய்யுங்கள். பின்னால் இருந்தவர் விடுகிறார், முதல் ஆள் கோல். பொட் 675, இருவரிடமும் 710 மிச்சம். டேர்னில் கிளாவர் 2. நீங்கள் 350; கோல். பொட் 1,375; மிச்சம் 360. ரிவரில் எதற்கும் உதவாத ஒரு சீட்டு, 360ஐயும் தள்ளுகிறீர்கள். ஏஸ்-ராணி வைத்திருப்பவர் 1,735 கிடக்கும் இடத்தில் 360க்காகச் சீட்டைப் போடுவது மிகக் கடினம். கடைசிப் பொட் 2,095.

இதே கை பதுங்கி ஆடப்பட்டால்: ஃப்ளொப்பில் 60க்குக் கோல், பொட் 275. டேர்னில் எல்லோரும் செக். ரிவரில் 200 கட்டி ஒரு கோல். பொட் 675. முதல் வழியில் டேர்ன் வருவதற்கு முன்பே எட்டிய அளவு அது.

எதிராளியிடம் ராணி இல்லை, இஸ்பேட் ஏஸ்-ஜாக்கி என்று வையுங்கள். ஃப்ளஷுக்கு 9 சீட்டு என்று அவர் எண்ணிக்கொண்டிருப்பார். ஆனால் இஸ்பேட் 4 விழுந்தால் உங்களுக்கு நான்கு 4. டேர்னுக்குப் பிறகு இஸ்பேட் 2 விழுந்தால் உங்களுக்கு ஃபுல் ஹவுஸ். உண்மையில் அவருக்கு உதவுவது 44இல் 7, சுமார் 16 வீதம். 675 பொட்டில் 350 கட்டும்போது அவர் நட்டமில்லாமல் கோல் செய்ய 25 வீத வாய்ப்பு வேண்டும். அவர் செய்யும் ஒவ்வொரு கோலும் உங்களுக்கு லாபம். நீங்கள் 'விட்டுப் பிடிக்கிறேன்' என்று 100 மட்டும் கட்டினால் அவருக்கு 11.4 வீதம் போதும். அப்போது அவர் செய்வது சரியான கோல். ஓசியில் பார்க்க விட்டால் கேட்கவே வேண்டாம்.

பணம் தரும் கை எது என்று எண்ணுங்கள்

பெரிய செட்தான் கூடுதலாக வெல்லும் என்று தோன்றும். தோற்பது குறைவு என்பது சரி. சிப் வருவதில் சின்னச் செட் முந்தும். ராணி-7-4இல் உங்களிடம் 4-4 இருந்தால் மூன்று ராணி வெளியே இருக்கிறது. நான்கு ஏஸோடு சேர்த்தால் ஏஸ்-ராணி 12 விதமாக வரலாம், ராஜா-ராணி இன்னொரு 12. உங்களிடம் ராணி-ராணி இருந்தால் வெளியே ஒரே ராணி. ஏஸ்-ராணி 4 விதம், ராஜா-ராணி 4 விதம். உங்களுக்குப் பணம் தர வேண்டிய கையில் மூன்றில் இரண்டு பங்கை நீங்களே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

பதுங்கி ஆடலாமா என்ற கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. சின்னச் செட்டும் நடுச் செட்டும் உடனே கட்ட வேண்டியவை. மேல் செட் காய்ந்த மேசையில் மட்டும் ஒரு சுற்று பொறுக்கலாம். ராஜா-7-2, மூன்றும் வெவ்வேறு இனம், உங்களிடம் ராஜா-ராஜா. ஃப்ளஷுக்கோ வரிசைக்கோ (அடுத்தடுத்த எண்ணில் ஐந்து சீட்டு) யாரும் காத்திருக்கவில்லை. எதிரில் ஒருவர்தான், அவரிடம் பெரும்பாலும் ஒன்றும் இல்லை. ஒரு செக் விட்டு, டேர்னில் அவருக்கு ஒரு ஏஸோ ராணியோ சோடியாகட்டும் என்று பார்ப்பதில் நியாயம் உண்டு. அவர் தானாகவே பந்தயம் கட்டும் சுபாவம் உள்ளவராக இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் ஒரு சுற்று மட்டும். டேர்னிலும் செக் செய்வது எந்த மேசையிலும் எங்களுக்குச் சரியாகப் படவில்லை. மூன்றாவது ஆள் கையில் இருந்தால் அந்த ஒரு செக்கும் வேண்டாம்.

மேசை நனைந்திருந்தால்

9-8-6, அதில் இரண்டு ஒரே இனம், உங்களிடம் 6-6. அரைப் பொட் போதாது. முழுப் பொட்டுக்குப் பக்கத்தில் கட்டுங்கள். காரணம் இரண்டு. ஏதாவது ஒன்றுக்குக் காத்திருப்பவர்கள் பலர், அவர்கள் ஃப்ளொப்பில் எந்தத் தொகைக்கும் வருவார்கள். டேர்னில் 10, 7, 5 அல்லது அந்த இனச் சீட்டு எது விழுந்தாலும் கை உறைந்துவிடும். மேல் சோடி வைத்திருப்பவர்கூட அதன்பின் கொடுக்கமாட்டார். அவர்கள் கொடுக்க மனமுள்ள நேரம் ஃப்ளொப்தான்.

பாதுகாப்புக்காகக் கட்டுகிறோம், எல்லோரும் விட்டால் நல்லது என்ற நினைப்போடு பொட்டைப் போல் மூன்று மடங்கு தள்ளுவதும் பிழையே. ஃப்ளஷுக்குக் காத்திருக்கும் கை செட்டுக்கு எதிரே நான்கில் ஒரு முறைதான் வெல்லும். அவர் வர வேண்டும், ஆனால் தவறான விலைக்கு வர வேண்டும்.

ஃப்ளொப்பிலேயே மூன்றும் ஒரே இனம் என்றால் நிதானம். யாரிடமாவது ஃப்ளஷ் ஏற்கெனவே இருக்கலாம். அரைப் பொட் கட்டுங்கள். ரெய்ஸ் வந்தால் கோல் மட்டும். மூன்றில் ஒரு முறை உங்கள் கை ஃபுல் ஹவுஸ் ஆகும் என்பதை வைத்துத்தான் அந்தக் கோல்.

எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்

ஃப்ளொப்புக்கு முன் ரெய்ஸ் செய்தவர் உங்களுக்கு உடனே இடப்பக்கம் இருந்தால் செக் செய்யுங்கள். அவர் கட்டுவார், நடுவில் உள்ளவர்கள் கோல் போடுவார்கள், சுற்று உங்களிடம் திரும்பி வரும்போது எல்லோருடைய சிப்பும் உள்ளே இருக்கும். அப்போது ரெய்ஸ். நீங்களே முதலில் கட்டினால் அவர் உடனே ரெய்ஸ் செய்து மற்றவர்களை விரட்டிவிடக்கூடும்.

ரெய்ஸ் செய்தவர் கடைசியில் பேசுபவராக இருந்தால் நேர்மாறு: நீங்களே கட்டுங்கள். இடையில் இருப்பவர்கள் ஒரு சின்ன விலைக்கு வருவார்கள், அவர் மேலே ஏற்றினால் இன்னும் நல்லது.

இதெல்லாம் கட்டும் பழக்கம் உள்ள மேசைக்கு. பல வீட்டு மேசைகளில் ரெய்ஸ் செய்தவர்கூட ஃப்ளொப் தவறினால் செக் செய்து உட்கார்ந்துவிடுவார். கோல் போட மட்டும் எல்லோரும் தயார். அப்படிப்பட்ட கூட்டத்தில் செக்-ரெய்ஸை எதிர்பார்த்து ஒரு முழுச் சுற்றை இழக்காதீர்கள். எந்த இடத்தில் இருந்தாலும் நீங்களே கட்டிவிடுவது மேல்.

பயமுறுத்தும் சீட்டு விழுந்தால்

டேர்னில் மூன்றாவது இஸ்பேட் விழுந்தவுடன் கையைத் தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு. ஃப்ளொப்பில் கோல் போட்டவர்களில் ஃப்ளஷுக்குக் காத்திருந்தவர் ஒரு பகுதிதான். ராணி வைத்திருப்பவரும் அதே கோலைத்தான் போட்டார். உங்கள் முறை முதலில் வந்தால் அரைப் பொட் கட்டலாம். எதிராளி கட்டினால் அவர் கேட்கும் விலையைப் பாருங்கள். ரிவரில் உங்களுக்கு உதவும் சீட்டு 10, அதாவது 21.7 வீதம். அரைப் பொட் பந்தயத்துக்குத் தேவை 25 வீதம். அவரிடம் ஃப்ளஷ் இல்லாத வேளைகளையும், ஃபுல் ஹவுஸ் விழுந்தால் ரிவரில் கிடைக்கப்போவதையும் சேர்த்தால் கோல் நியாயமானது. முழுப் பொட் கேட்டு, அவர் எப்போதும் கையிருந்தால் மட்டும் கட்டுபவர் என்றால், 33 வீதம் தேவை, அங்கே விடலாம்.

மேசை சோடியானால் தொகையைக் கூட்டுங்கள். ஃப்ளஷ் முடித்தவரும் ட்ரிப்ஸ் பிடித்தவரும் அப்போதுதான் விடாமல் கொடுப்பார்கள். ராணி-7-4-ராணி, உங்களிடம் 4-4. உங்களை வெல்வது ராணி-7இல் 6 விதம், ராணி-4இல் 2, 7-7இல் 3, ராணி-ராணியில் 1: மொத்தம் 12. ராணியோடு ஏஸ், ராஜா, ஜாக்கி, பத்து என்று உங்களிடம் தோற்கும் கை ஒவ்வொன்றுக்கும் 8 விதம், மொத்தம் 32. பயப்பட எண்ணிக்கை இடம் தரவில்லை, கட்டுங்கள்.

ரிவர் வேறு கதை. நான்கு இஸ்பேட் மேசையில் கிடக்க, இரவெல்லாம் செக்கும் கோலுமாக இருந்த ஒருவர் உங்கள் பந்தயத்தின் மேல் பெரிய ரெய்ஸ் வைத்தால், செட்டைப் போட்டுவிடுங்கள். செட்டைப் போடவே கூடாது என்பார்கள் சிலர். அந்தப் பேச்சு ஃப்ளொப்புக்குச் சரி. இருவரிடமும் சோடி இருந்து, ஃப்ளொப்பில் இருவருக்கும் செட் விழுவது நூற்றில் ஒரு முறைதான். அங்கே சின்னச் செட் வைத்திருப்பவர் மொத்தத்தையும் இழப்பதைத் தவிர்க்க வழியில்லை. அதற்குப் பயந்து மற்ற தொண்ணூற்றொன்பதிலும் மெதுவாக ஆடுவது கூடாத கணக்கு.

செட் மாதிரித் தோன்றும் மற்றவை

7-4 வைத்துக்கொண்டு ராணி-7-4இல் இரண்டு சோடி பிடிப்பதும் மறைவான கைதான். ஆனால் வளர உதவும் சீட்டு டேர்னில் 4 மட்டுமே. இரண்டு சுற்றும் சேர்த்து 16.5 வீதம். செட்டுக்கு இதுவே 33. இன்னும் மோசம், இன்னொரு ராணி விழுந்தால் ஏஸ்-ஏஸ் வைத்திருப்பவர் உங்களை முந்திவிடுவார். அதனால் இரண்டு சோடியில் பதுங்கவே கூடாது, ஃப்ளொப்பிலிருந்தே பெரிதாகக் கட்ட வேண்டும். 9-7-5இல் 8-6 வைத்திருக்கும் வரிசைக்கும் அதே விதி: மேசை சோடியாவதும், 8 அல்லது 6 விழுவதும் உங்களுக்குக் கெடுதல்.

முகம், கை, சீட்டு

செட் விழுந்ததும் பலர் செய்யும் மூன்று: தங்கள் சிப்பை ஒரு தரம் பார்ப்பது, பேச்சை நிறுத்துவது, வழக்கத்தைவிட நேரம் எடுத்துப் பிறகு செக் சொல்வது. ஒரே மாற்று, எல்லாக் கைக்கும் ஒரே தாளம். உங்கள் முறை வரும்வரை ஃப்ளொப்பைப் பார்க்காமல் மற்றவர்களின் முகத்தைப் பாருங்கள். முறை வந்ததும் மேசையைப் பார்த்து, மூன்று எண்ணி, தொகையைச் சொல்லுங்கள். ஏஸ்-ராணிக்கு 70 கட்டுவீர்களென்றால் செட்டுக்கும் 70. ஒன்றுமில்லாமல் மிரட்டும்போதும் 70.

சிப் எடுக்கும் கை நடுங்கினால் பெரிய கை என்பது எங்கும் சொல்லப்படும் அடையாளம். நுவரெலியாவில் தை மாத இரவில் அதை நம்ப வேண்டாம். அங்கே குளிரில் எல்லோர் கையும் நடுங்கும். மின்சாரம் போய் மெழுகுதிரி வெளிச்சத்தில் ஆடினால் ஆர்ட்டினும் டைமண்டும் ஒன்றாகத் தெரியும். தொகை முடிவு செய்யும் முன் மேசைச் சீட்டுகளின் இனத்தை வாய்விட்டுக் கேட்டு உறுதிப்படுத்துங்கள். யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். மூடுபனிக் காலத்தில் காகிதச் சீட்டு ஈரம் குடித்து வளையும், மூலை மடங்கும். ஒரு 4இன் மூலை மடங்கியிருப்பது மேசைக்கே தெரிந்தால் உங்கள் செட் மறைவானதாக இராது. பிளாஸ்டிக் சீட்டு ஒரு கட்டு வாங்கிவைப்பது இந்த ஊருக்கு அவசியம்.

தனியாகப் பழக ஒரு கட்டுச் சீட்டும் ஒரு தாளும் போதும். ஒரு சோடியை எடுத்து வையுங்கள். அதே எண்ணில் ஒன்றையும், கட்டிலிருந்து எடுத்த வேறு இரண்டையும் ஃப்ளொப்பாக வையுங்கள். பொட் 65, 95, 205 என்று மாற்றி மாற்றி எழுதி, மிச்சத்துக்கு ஏற்ற மூன்று பந்தயத் தொகையையும் ஃப்ளொப்பைப் பார்த்துப் பத்து விநாடிக்குள் எழுதுங்கள். பிறகு டேர்னைத் திறந்து, எந்த எதிர்க் கை இப்போது முந்தியது, எந்தக் கை இன்னும் பணம் தரும் என்று இரண்டு பட்டியல் போடுங்கள். முந்தியவற்றின் பட்டியல் நீளமாக இருந்தால் மட்டும் டேர்ன் தொகையைக் குறைத்து எழுதுங்கள்.